நம் எம்.பி. எந்தப் பக்கம் வாக்களித்தார்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: விசைத்தறியாளர்களுக்காகத் தில்லியில் குரல் கொடுப்பேன் என்று சொல்லி ஓட்டு வாங்கிச் சென்றவர், அங்கே எந்த மசோதாவை ஆதரித்தார், எதை எதிர்த்தார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். எங்கள் திருப்பூர் எம்.பி.யின் வாக்குப் பதிவு எங்கே கிடைக்கும்? (பல்லடம் வாசகர்)

பதில்: முதலில் தொகுதியைச் சரிபார்த்துக்கொள்வோம். பல்லடம் திருப்பூர் மாவட்டத்தில் இருந்தாலும் கோயம்புத்தூர் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. திருப்பூர் மாவட்டத்தின் எட்டுச் சட்டமன்றத் தொகுதிகளில் திருப்பூர் வடக்கும் தெற்கும் மட்டுமே திருப்பூர் மக்களவைத் தொகுதியில் இருக்கின்றன. அவிநாசி நீலகிரியோடும், காங்கேயமும் தாராபுரமும் ஈரோட்டோடும், உடுமலைப்பேட்டையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சியோடும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வேறொருவருடைய பதிவேட்டைப் புரட்டிவிட்டு நம் உறுப்பினரைக் குறைசொல்லவோ புகழவோ கூடாது அல்லவா?

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் தேடும் பதிவு பெரும்பாலான மசோதாக்களுக்கு இல்லவே இல்லை. இரு அவைகளிலும் மிகுதியான சட்டங்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. ஆதரிப்போர் ‘ஆம்’ என்றும் எதிர்ப்போர் ‘இல்லை’ என்றும் சொல்ல, எந்தக் குரல் மிகுதி என்பதை அவையை நடத்துபவர் காதால் கேட்டு முடிவு செய்து அறிவிக்கிறார். யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அந்த அறிவிப்பை ஏற்காமல் உறுப்பினர் ஒருவர் ‘டிவிஷன்’ கேட்டு, அது ஏற்கப்பட்டால்தான் ஒவ்வொருவரும் தம் இருக்கையிலிருந்து ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, நடுநிலைக்கு மஞ்சள் பொத்தானை அழுத்த, அவரவர் பெயர் அவை நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகிறது. அரசமைப்புத் திருத்த மசோதாக்களுக்கு மட்டும் இதைத் தவிர்க்க முடியாது. அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்து வாக்களித்தோரில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரிக்க வேண்டும் என்று 368ஆவது பிரிவு கூறுவதால், தலையை எண்ணித்தான் ஆக வேண்டும்.

2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் நடந்ததை மஞ்சளும் கரும்பும் விளைவிக்கும் நம் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு வேளாண் மசோதாக்கள் அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. எதிர்க்கட்சியினர் டிவிஷன் கேட்டும் கிடைக்கவில்லை. தத்தம் இருக்கையிலிருந்து கேட்டால்தான் அது செல்லும் என்பது அவையை நடத்திய துணைத் தலைவர் தரப்பின் விளக்கம். அமளி மூண்டது, மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அந்த விவாதத்தில் அ.தி.மு.க. உறுப்பினர் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியம் மசோதாக்களைக் குறைகூறிப் பேசினார்; அவருடைய கட்சித் தலைமையோ அவற்றை ஆதரித்தது. அவருடைய பேச்சு அவைக்குறிப்பில் இருக்கிறது, வாக்கு எங்கும் இல்லை. அந்தச் சட்டங்கள் 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டபோதும் குரல் வாக்கெடுப்புதான். அப்போது விவாதம்கூட நடக்கவில்லை.

ஆகவே உங்கள் உறுப்பினரைச் சந்திக்கும்போது, எப்படி வாக்களித்தீர்கள் என்பதற்கு முன்னால், டிவிஷன் கேட்டவர்களில் நீங்களும் ஒருவரா என்று கேளுங்கள். டிவிஷன் நடந்திருந்தால் யார் எந்தப் பக்கம் என்ற பெயர்ப்பட்டியல் நாடாளுமன்ற இணையதளத்தில் அந்த நாளின் விவாதக் குறிப்பிலேயே கிடைக்கும்.

கேள்வி: ஜி.எஸ்.டி.யை எங்கள் எம்.பி. எதிர்த்தார் என்று அந்தக் கட்சியினர் இன்றும் மேடையில் பேசுகிறார்கள். ஆனால் எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை என்று படித்தேன். எது உண்மை? (பின்னலாடைத் தொழில்முனைவோர், திருப்பூர்)

பதில்: இரண்டும் உண்மைதான். ஜி.எஸ்.டி.க்கான அரசமைப்புத் திருத்தம் 2016 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவையில் 203 வாக்குகளோடும், ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் 443 வாக்குகளோடும் நிறைவேறியது. இரு அவைகளிலும் எதிர்வாக்கு பூச்சியம். உற்பத்தி மாநிலமான தமிழ்நாட்டின் வருவாய் குறையும் என்று வாதிட்ட அ.தி.மு.க. உறுப்பினர்கள் வாக்கெடுப்பின்போது வெளிநடப்புச் செய்தார்கள். அப்போது கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, நாமக்கல், சேலம், கரூர் ஆகிய எட்டுத் தொகுதிகளும் அந்தக் கட்சியிடமே இருந்தன என்பதால், கொங்கு நாட்டின் மக்களவை உறுப்பினர் எவருடைய பெயரும் அந்த வாக்கெடுப்பின் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

வெளிநடப்பு என்பது நம் அரசியலில் ஒரு தனிக் கலை. எதிர்த்ததாக ஊரில் சொல்லிக்கொள்ளலாம். தடுத்ததாகத் தில்லியில் யாரும் குற்றம்சாட்ட முடியாது. 2019 ஜனவரி 8 அன்று, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான பத்து விழுக்காட்டு இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 323க்கு 3 என்ற கணக்கில் நிறைவேறியபோதும், கரூர் உறுப்பினர் மு. தம்பிதுரை அதை எதிர்த்துக் கடுமையாகப் பேசிய பிறகு அவருடைய கட்சியினர் வெளியேறினார்கள். அன்று சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தால் முடிவு மாறியிருக்காதுதான்; ஆனால் எதிர்ப்பு பெயரோடு பதிவாகியிருக்கும். கட்சி வெளியேறச் சொன்னால் தனி உறுப்பினருக்கு வேறு வழியில்லை என்பதும் உண்மையே. அதற்கு அடுத்த கேள்வி பொருத்தமாக வந்திருக்கிறது.

கேள்வி: மனசாட்சிப்படி வாக்களிக்க ஓர் எம்.பி.க்கு உரிமை இல்லையா? (கோபிசெட்டிபாளையம் வாசகர்)

பதில்: சட்டப்படி மிகக் குறைவு. 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, கட்சியின் உத்தரவுக்கு மாறாக அவையில் வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ, பதினைந்து நாள்களுக்குள் கட்சி அதைப் பொறுத்துக்கொண்டால் ஒழிய, பதவி பறிபோகும். நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புகளோடு இந்தக் கட்டுப்பாட்டை நிறுத்திக்கொள்ளலாம் என்று 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. எந்த அரசும் அதைத் தொடவில்லை. கொறடாவின் கையிலிருக்கும் சாட்டையை எந்தக் கட்சித் தலைமைதான் விட்டுக்கொடுக்கும்?

ஆனால் இந்த அட்டவணை அவையில் போடும் வாக்கைத்தான் கட்டுப்படுத்துகிறது. கேட்கும் கேள்வியையும், நாடாளுமன்ற நிலைக்குழுவில் எழுதும் மாறுபட்ட கருத்துக் குறிப்பையும், அமைச்சரல்லாத உறுப்பினர் தாமே கொண்டுவரும் தனிநபர் மசோதாவையும் அது கட்டுப்படுத்துவதில்லை. திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்காகத் தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. 45 ஆண்டுகளுக்குப் பிறகு மாநிலங்களவையில் நிறைவேறிய முதல் தனிநபர் மசோதா அது. மக்களவையில் அது சட்டமாகவில்லை என்றாலும், முயற்சி யாருடையது என்பதில் ஐயமில்லை.

உங்கள் ஊரோடு தொடர்புடைய பழைய செய்தி ஒன்றும் உண்டு. பொள்ளாச்சி உறுப்பினராகவும் மத்திய அமைச்சராகவும் இருந்த சி. சுப்பிரமணியம், 1965 பிப்ரவரியில் மொழிப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது ஓ.வி. அழகேசனோடு சேர்ந்து பதவி விலகல் கடிதம் கொடுத்தார். இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்ற நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்று பிரதமர் சாஸ்திரி அறிவித்த பின் இருவரும் பதவியில் தொடர்ந்தார்கள். பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்த அவரை 1967இல் உங்கள் கோபி தொகுதியே தோற்கடித்தது. உறுப்பினரின் தனி நிலைப்பாட்டையும் அவருடைய கட்சியின் நிலைப்பாட்டையும் வாக்காளர்கள் பிரித்துப் பார்ப்பது அரிது.

கேள்வி: எம்.பி. நிதியில் எங்கள் ஊருக்கு நிழற்குடையும் உயர்கோபுர விளக்கும் வந்திருக்கின்றன. அதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா? (காங்கேயம் வாசகர்)

பதில்: எடுங்கள், ஆனால் தனிக் கணக்காக. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் எல்லா உறுப்பினர்களுக்கும் ஒதுக்கப்படுவதுதான். அவர் பரிந்துரைக்கிறார், மாவட்ட நிர்வாகம் நிறைவேற்றுகிறது. சட்டம் இயற்றும் பணிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: நூல் விலை ஏறி, ஆர்டர் குறைந்து, தறிகள் நிற்கின்றன. பருத்தி இறக்குமதி வரி பற்றி எங்கள் உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று எங்கே தேடுவது? (விசைத்தறி உரிமையாளர், சோமனூர்)

பதில்: தேடினாலும் கிடைக்காது. 2021 பட்ஜெட்டில், எல்லாம் சேர்த்து 11 விழுக்காடாக அமைந்த பருத்தி இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 14 முதல் அந்த ஆண்டு அக்டோபர் முடிய அது விலக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 19 முதல் மீண்டும் விலக்கப்பட்டு, பின்னர் டிசம்பர் இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. இந்த விலக்குகள் எவையும் அவையில் வாக்கெடுப்புக்கு வந்தவை அல்ல. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் அளிக்கும் அதிகாரத்தைக் கொண்டு நிதி அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் வரி போகும். கெடு முடிந்தால் திரும்ப வரும். ஜி.எஸ்.டி. விகிதமும் அப்படித்தான், அதைப் பரிந்துரைப்பது மத்திய, மாநில அமைச்சர்கள் அமரும் மன்றம்.

ஆகவே தொழில் சார்ந்த ஒரு தொகுதியின் உறுப்பினரை வாக்கைக் கொண்டு மட்டும் அளப்பது பயன் தராது. ஏப்ரலில் விலக்கு வருவதற்கு முன்னால், நூல் விலை ஏறிக்கொண்டிருந்த மாதங்களில் அவர் ஜவுளி அமைச்சகத்திடமும் நிதி அமைச்சகத்திடமும் என்ன கேட்டார், அவசரப் பிரச்சினைகளைப் பேசும் பூச்சிய நேரத்திலோ, தொகுதிப் பிரச்சினைகளை எழுப்ப இடம்தரும் மக்களவையின் 377ஆவது விதியின் கீழோ அதை எழுப்பினாரா, தொழிலாளர், ஜவுளி, திறன் மேம்பாட்டுக்கான நிலைக்குழு அமைச்சகத்தின் ஆண்டுச் செலவுக்கான மானியக் கோரிக்கைகளை ஆராய்ந்தபோது விசைத்தறி பற்றி ஏதேனும் சேர்க்க முயன்றாரா என்று பாருங்கள். வரி நீங்கிய மறுநாள் நன்றி சொல்லிச் சுவரொட்டி ஒட்டுவதற்கு அதிக உழைப்பு தேவையில்லை.

கேள்வி: இருநூறு கேள்வி கேட்டார், தொண்ணூறு விழுக்காடு வருகை என்றெல்லாம் எண்களைப் போட்டு எம்.பி.க்களைத் தரவரிசைப்படுத்துகிறார்களே, அவற்றை நம்பலாமா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: எண்கள் பொய்யல்ல, ஆனால் அவை சொல்வது கொஞ்சம்தான். வருகை என்பது பதிவேட்டில் இட்ட கையெழுத்து. அமைச்சர்கள் அதில் கையெழுத்திடுவதும் இல்லை, கேள்வி கேட்பதும் இல்லை என்பதால் அவர்களை இந்தப் பட்டியலில் வைத்து ஒப்பிட முடியாது. மக்களவையில் ஒரு நாளுக்கு அவையில் வாய்மொழியாகப் பதில் பெறும் 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 நட்சத்திரமில்லாக் கேள்விகளும் மட்டுமே பட்டியலாகும். அவற்றையும் குலுக்கல்தான் முடிவு செய்கிறது. நட்சத்திரமில்லாக் கேள்விக்கு எழுத்தில் பதில் வருவதோடு சரி, துணைக் கேள்வி கிடையாது.

எனவே எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கேள்வியின் வாசகத்தைப் படியுங்கள். தென்னை விவசாயிகளுக்கு அரசு என்ன செய்கிறது என்று பொதுவாகக் கேட்பதும், கொப்பரைக் கொள்முதல் பொள்ளாச்சியில் எந்த மையத்தில், எத்தனை டன், எந்தத் தேதி வரை நடந்தது என்று கேட்பதும் ஒன்றல்ல. முதலாவதற்குத் திட்டங்களின் பெயர்ப்பட்டியல்தான் பதிலாக வரும். கேள்விக்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்னறிவிப்புத் தேவை என்பதால், கூட்டத்தொடர் தொடங்குமுன்பே உங்கள் விவசாயிகள் சங்கம் புள்ளிவிவரத்தோடு ஒரு கேள்வியை எழுதி அவர் அலுவலகத்தில் கொடுக்கலாம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று அமைச்சர் பதில் சொன்னால் விட்டுவிடாதீர்கள். அது உறுதிமொழியாகக் கருதப்பட்டு, மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட வேண்டியவற்றின் பட்டியலில் சேரும். அரசு உறுதிமொழிகள் குழு அதைக் கண்காணிக்கிறது. அந்தக் குழுவின் அறிக்கைகளை எவரும் வாங்கிப் படிக்கலாம்.