வளைந்த சன்னல்களுக்கு பிளைண்ட்ஸ்: கேள்வி பதில்

கட்டடக் கலைஞர் அலுவலகமொன்றில் சன்னல் மறைப்புகளுக்கான விவரக்குறிப்புகளை எழுதிவரும் ஒருவர், சிங்கப்பூரில் உள்ள பலரின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள் இவை.

உள்ளரங்க வடிவமைப்பாளர், தஞ்சோங் பகார்: வணக்கம் ஐயா. கூட்டுரிமை வீடொன்றின் வரவேற்பறையில் கண்ணாடிச் சுவர் வெளிப்பக்கமாக வில்போல் வளைந்திருக்கிறது. ஆரம் 3 மீட்டர். உரிமையாளர் ரோலர் பிளைண்ட்தான் வேண்டும் என்கிறார். 1.2 மீட்டர் அகலத்தில் நான்கு துண்டுகளாகப் போடலாம் என்று விநியோகிப்பாளர் சொல்கிறார். சரியாக வருமா?

வணக்கம். ரோலர் பிளைண்டின் துணி சுற்றும் குழாய் நேரானது. அதை வளைக்க வழியில்லை. ஆகவே துண்டுகளாகப் பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. எத்தனை துண்டு என்பதை விலைப்பட்டியலைப் பார்த்து முடிவுசெய்யாமல் கணக்கிட்டு முடிவுசெய்யுங்கள். ஒரு துண்டின் அகலத்தை வர்க்கப்படுத்தி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால், அதன் நடுப்பகுதி வளைவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கும் என்பது ஏறத்தாழக் கிடைக்கும். உங்கள் 1.2 மீட்டர் துண்டுக்கு அது 60 மி.மீ.; 0.6 மீட்டராகக் குறைத்தால் 15 மி.மீ. தான். அதனால் சிறிய துண்டுகளே மேல் என்று தோன்றும். ஆனால் ரோலரின் துணி, தாங்கிகளையும் சேர்த்த முழு அகலத்தைவிட 30 முதல் 40 மி.மீ. வரை குறுகலாகவே இருக்கும் என்பதால், ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு வெளிச்சக் கீற்று விழும். துண்டுகளைக் கூட்டினால் கீற்றுகளும் கூடும். இணைப்புகள் கண்ணாடியின் செங்குத்துச் சட்டங்களுக்கு நேராக வருமாறு பிரித்தால் அந்தக் கீற்று சட்டத்தின் பின்னே மறைந்துவிடும். நான் முதலில் பார்ப்பது சட்டங்களின் இடைவெளியைத்தான். துண்டின் அகலம் அதைப் பின்பற்றி வரட்டும்.

இன்னொன்று, கூரைப்பலகையில் பிளைண்ட் மறையும் பெட்டி. துணி முழுவதும் சுற்றிய நிலையில் உருளையின் விட்டம், தாங்கி, அதன்மேல் அந்த 60 மி.மீ. ஆகிய மூன்றையும் சேர்த்தே பெட்டியின் அகலத்தை வரைபடத்தில் குறிக்க வேண்டும். கூரை வேலை முடிந்தபின் இதைச் சொன்னால் குத்தகையாளர் உடைத்துத்தான் செய்வார், அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். ஒரே மோட்டாரில் நான்கையும் இயக்க விரும்பினால், கோணத்தில் திரும்பும் இணைப்பி தேவை. உங்கள் அளவில் துண்டுக்குத் துண்டு 23 பாகை திரும்புகிறது. தயாரிப்பாளரின் இணைப்பி அதைத் தாங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே வடிவமைப்பாளர்: வெர்ட்டிகல் பிளைண்ட் என்றால் துண்டாக்க வேண்டியதில்லையே?

வேண்டியதில்லை. 89 அல்லது 127 மி.மீ. அகலமுள்ள பட்டைகள் தனித்தனியே தொங்குவதால் வளைந்த டிராக்கில் அவை இயல்பாக ஓடும். டிராக்கைத் தொழிற்சாலையிலேயே வளைத்துக் கொண்டுவருவார்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது டிராக்கின் ஆரம், கண்ணாடியின் ஆரம் அன்று. டிராக் கண்ணாடியிலிருந்து 150 மி.மீ. உள்ளே இருந்தால் உங்கள் வீட்டில் ஆரம் 2,850 மி.மீ. ஆகும். குளிரூட்டியின் காற்று நேரே படும் இடத்தில் பட்டைகள் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதையும் உரிமையாளரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். படுக்கையறையாக இருந்தால் நான் வளைந்த டிராக்கில் திரைச்சீலையையே பரிந்துரைப்பேன்.

கடைவீட்டின் மேல்மாடியில் அலுவலகம் நடத்துபவர், லிட்டில் இந்தியா: எங்கள் மூன்று சன்னல்களும் மேற்கு நோக்கியவை. மேலே அரைவட்டக் கண்ணாடி இருக்கிறது. அதன் அடிக்கோடு தரையிலிருந்து 2.2 மீட்டர். மாலையில் கணினித் திரைகளில் வெயில் அடிக்கிறது. அரைவட்டத்தையும் திறந்து மூடும் பிளைண்ட் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் தேவையா என்பதை முதலில் பார்ப்போம். சிங்கப்பூரில் மாலை ஐந்து மணிக்குச் சூரியன் ஏறத்தாழ 30 பாகை உயரத்திலும் ஆறு மணிக்கு 15 பாகையிலும் நிற்கும். மேசையின் உயரத்தை 0.75 மீட்டர் என்று கொண்டால், அரைவட்டத்தின் அடிவிளிம்பு வழியாக வரும் கதிர் ஐந்து மணிக்குச் சுவரிலிருந்து 2.5 மீட்டர் தள்ளியும் ஆறு மணிக்கு 5.4 மீட்டர் தள்ளியும் மேசையைத் தொடும். ஆகவே சன்னலை ஒட்டிய மேசைகளுக்குத் தொல்லை தருவது கீழ்ப்பகுதிதான். அரைவட்டத்தின் வெயில் அங்கே உட்காருபவர்களைத் தாண்டி உள்ளே இருப்பவர்கள் மேல் விழுகிறது. வளைவு தொடங்கும் கோட்டில் நேரான ரோலரைப் பொருத்தி, 3 விழுக்காடு திறப்புள்ள (அதாவது நெசவின் பரப்பில் 3 விழுக்காடு துளைகளாக உள்ள) அடர்நிறத் துணியைப் போடுங்கள். அடர்நிறத்தின் ஊடாக வெளிக்காட்சி தெளிவாகத் தெரியும். வெளிர்நிறம் வெப்பத்தைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பினாலும் வெயில் படும்போது அதுவே பளிச்சிட்டுக் கண்ணைக் கூசச் செய்யும். உள்ளே மேசைகள் இருந்தால் மட்டும் அரைவட்டத்துக்கு விசிறிபோல் மடித்த நிலையான மறைப்பைப் பொருத்தலாம். இல்லையென்றால் அதை வெறுமையாக விடுங்கள். அந்தக் கட்டடத்தின் அழகே அதுதான். அசையும் விசிறி வகை, எட்டாத உயரத்தில் இருக்கும்போது பயனைவிடப் பழுதையே அதிகம் தரும் என்பது என் கருத்து.

லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம். முகப்பில் எதையாவது பொருத்த எண்ணினால் முதலில் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளைப் பாருங்கள். நான் மேலே சொன்னவை எல்லாம் அறையின் உட்பக்கத்தில் பொருத்துபவை.

புதிதாகச் சேர்ந்த தொழில்நுட்பர், ஜூரோங்: வளைவு சன்னலுக்கு விநியோகிப்பாளர் அகலமும் உயரமும் மட்டும் கேட்கிறார். அது போதுமா?

உயரம் அகலத்தின் சரிபாதியாக உள்ள உண்மையான அரைவட்டத்துக்குப் போதும். தட்டையான வளைவுக்கு ஆரமும் வேண்டும். அகலத்தின் வர்க்கத்தை வளைவு உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, அதனுடன் உயரத்தின் பாதியைக் கூட்டுங்கள், 1,200 மி.மீ. அகலமும் 300 மி.மீ. உயரமும் உள்ள வளைவுக்கு ஆரம் 750 மி.மீ. இது புதிய கட்டடத்துக்குத்தான் பொருந்தும். பழைய செங்கல் வளைவுகளில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருப்பது அரிது. பூச்சு வேலை முடிந்தபின், ஒவ்வொரு சன்னலுக்கும் கெட்டியான அட்டையில் வளைவின் வடிவத்தைத் தனித்தனியே வெட்டி, அதிலேயே "அறைப்பக்கம்" என்றும் வளைவு தொடங்கும் கோட்டையும் சன்னல் எண்ணையும் எழுதி அனுப்புங்கள். "அறைப்பக்கம்" என்று எழுதாத அட்டையைத் திருப்பி வைத்து வெட்டினால், சமச்சீரற்ற வளைவில் பொருள் வீண்.

கட்டடப் பொறியாளர், செங்காங்: கட்டட உறையின் வெப்ப மதிப்புக் கணக்கில், அதாவது வெளிச்சுவரும் கண்ணாடியும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடுகின்றன என்ற கணக்கில், இந்த பிளைண்ட்களைச் சேர்க்கலாமா?

கூடாது. கட்டட, கட்டுமான ஆணையத்தின் கணக்கு முறை உட்புற பிளைண்ட், திரைச்சீலை ஆகியவற்றின் நிழலைக் கருத்தில் கொள்வதில்லை. கண்ணாடியும் வெளிப்புற நிழல் அமைப்புகளுமே கணக்கில் வரும்.

இரு குழந்தைகளின் தாய், பொங்கோல்: சங்கிலி தொங்கும் ரோலரைப் பற்றிக் கவலையாக இருக்கிறது.

நியாயமான கவலைதான். சங்கிலி வளையம் குழந்தையின் கழுத்தில் சிக்கும் ஆபத்து உண்மையானது. விலைக்கேட்பில் ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 13120க்கு இணங்கியது என்று கேளுங்கள். சங்கிலியைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் பொருத்தியைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள். கயிற்றைச் சுற்றிவைக்கும் கொக்கி வந்தால் அது தரையிலிருந்து 1.5 மீட்டருக்குக் கீழே இருக்கக்கூடாது. கட்டிலையும் நாற்காலியையும் அந்தப் பக்கம் வைக்காதீர்கள், அம்மா. செலவு ஒத்துவந்தால், சங்கிலியே இல்லாத மோட்டார் அல்லது ஸ்பிரிங் வகையை எடுத்துவிடுங்கள்.