அல்டிமேட் ஃபிரிஸ்பீ: மைதானத்தில் கத்துவதெல்லாம் என்ன?

கேள்வி: எல்லாரும் "ஃபோர்ஸ்" என்கிறார்களே, எதிராளியைத் தள்ளுவதா?

தள்ளினால் ஃபவுல். இது ஃபிரிஸ்பீ என்ற பறக்கும் தட்டைத் தங்களுக்குள் எறிந்து, எதிர்முனையில் பிடித்துக் கோல் போடும் ஆட்டம். தட்டு கையில் இருப்பவர் ஓட முடியாது. அவர் முன்னால் நிற்கும் எதிரணி ஆள், அதாவது மார்க்கர், ஒரு பக்கத்தை அடைத்து, மறுபக்கத்தை வேண்டுமென்றே விட்டுவைப்பார். அதுதான் ஃபோர்ஸ். விட்டுவைத்தது ஓப்பன் சைடு, அடைத்தது பிரேக் சைடு. பிரேக் சைடை மார்க்கர் பார்த்துக்கொள்வார் என்று நம்பித்தான் மற்ற ஆறு பேரும் ஓப்பன் சைடுப் பக்கமாக நின்று தங்கள் ஆளை, அதாவது தங்கள் பொறுப்பில் உள்ள எதிராளியை, காக்கிறார்கள். மார்க்கர் ஆசைப்பட்டு இரண்டு பக்கமும் தாவினால் இரண்டுமே போச்சு. இது பிடிபட்டால் பாதி ஆட்டம் புரிந்துவிடும்; மற்ற சொற்கள் தானாக வரும்.

கேள்வி: பின்னால் "டம்ப்" கொடுப்பது பயந்த ஆட்டம் இல்லையா?

மார்க்கர் பத்து எண்ணி முடிப்பதற்குள் எறிந்தாக வேண்டும். ஆறு வந்தும் முன்னால் ஆள் கிடைக்கவில்லையா, அருகில் நிற்கும் ஹேண்ட்லருக்கு (தட்டை வாங்கி எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) கொடுங்கள். அது டம்ப். அவர் அப்படியே அடுத்த ஓரத்துக்கு அனுப்பினால் ஸ்விங். சூட்சுமமே இங்கேதான்: ஓப்பன் சைடில் காத்து நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரே எறியில் தப்பான பக்கத்தில் மாட்டிக்கொள்வார்கள். சில மீட்டர் பின்வாங்கினால் என்ன? ஒன்பதில் பதறி விடும் நெடுந்தூர ஹக், பல நேரம் எதிரணிக்கு நாமே கொடுக்கும் தானம்.

கேள்வி: "அப்!" எதற்கு?

தட்டு கையை விட்டுப் பறந்துவிட்டது. தன் ஆளைத் துரத்தி ஓடுகிறவருக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாதே. கூச்சப்படாமல் கத்துங்கள்.

கேள்வி: போச்சிங் ஏமாற்று வேலையா?

தன் ஆளை விட்டுவிட்டு, எறி வரும் பாதையில் போய் நிற்பது. விதிப்படி சரிதான். ஆனால் யாரையும் காக்காமல் இரண்டாவது ஆள் எறிபவரின் 3 மீட்டருக்குள் வந்து நின்றால் டபுள் டீம்; அது தவறு.

கேள்வி: நடுவர் இல்லாமல் சண்டை வராதா?

வாக்குவாதம் வரும். பிடிக்கப் போனவர் இடிபட்டால் அவரே "ஃபவுல்" என்பார். இடித்தவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் தட்டு எறிந்தவரிடமே திரும்பும். யாருக்கும் பெரிய லாபம் இல்லை, அதனால் சீக்கிரம் முடிந்துவிடும்.

கேள்வி: கலஹன்?

நாம் கோல் போட வேண்டிய எண்ட் ஸோனில் (மைதானத்தின் கடைசிப் பகுதி), எதிரணி தங்களுக்குள் எறிந்ததை நாம் குறுக்கே புகுந்து பிடித்தால் நேராகக் கோல். ஹென்றி கலஹன் என்ற ஆட்டக்காரரின் பெயர் அது.