ஆப்பிரிக்கா வரைபடத்தை நடுவில் மடியுங்கள்

கேள்வி: நான் 8ஆம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஆப்பிரிக்காவுக்கு எட்டு பீரியட் இருக்கிறது. நில அமைப்பு, காலநிலை, விலங்குகள், வரலாறு என்று வரிசையாக நடத்தினால் பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒன்றுக்கொன்று என்ன தொடர்பு என்று தெரிவதில்லை. போன வருஷம் 'ஆப்பிரிக்கக் காடு' வரையச் சொன்னேன், பாதிப் பேர் ஆப்பிரிக்காவிலேயே இல்லாத புலியை வரைந்தார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது? – ஓர் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

பதில்: இந்த வருஷமும் முதல் நாளே அந்தப் படத்தை வரையச் சொல்லுங்கள். புலி வந்தால் திட்ட வேண்டாம், திருத்தவும் வேண்டாம். வாங்கிப் பத்திரமாக வையுங்கள், கடைசி பீரியடில் வேலை இருக்கிறது.

நானும் சறுக்கியவன்தான். ஆசிரியர் வேலைக்கு வந்த புதிதில் போர்டில் 'இருண்ட கண்டம்' என்று தலைப்பு போட்டுத்தான் ஆப்பிரிக்காவைத் தொடங்கினேன். இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: "சார், அங்கே வெயில் ஜாஸ்தின்னு நேத்து சொன்னீங்க. அப்புறம் எப்படி இருட்டு?" பதில் சொல்லத் தெரியாமல் உட்காரச் சொன்னேன். ஐரோப்பியர்களுக்கு அந்தக் கண்டத்தின் உட்பகுதி தெரியாது, அதனால் வைத்த பெயர் அது. இருட்டு அவர்களுடைய வரைபடத்தில்தான். இதை அன்றே சொல்லியிருந்தால் அதுவே நல்ல முதல் பாடமாக இருந்திருக்கும்.

சரி, உங்கள் முதல் பீரியடுக்கு ஒரு உலக உருண்டையும் பட்டர் பேப்பரும் போதும். சுவர் வரைபடத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குப் பெரிதாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு. உருண்டையின் மேல் பட்டர் பேப்பரை வைத்து இந்தியாவை வரைந்து, வெட்டி, ஆப்பிரிக்காவின் மேல் நகர்த்தி நகர்த்தி எண்ணச் சொல்லுங்கள். ஏறத்தாழ ஒன்பது இந்தியா கொள்ளும். அது 54 நாடுகள் உள்ள கண்டம் என்பதை அதற்குப் பிறகு சொன்னால் தலையில் நிற்கும்.

இரண்டாம் பீரியடுக்கு ஆளுக்கொரு அவுட்லைன் மேப். நிலநடுக்கோட்டை வரைந்து, அந்தக் கோட்டில் தாளை மடிக்கச் சொல்லுங்கள். நடுக்கோட்டில் காங்கோ மழைக்காடு. அதற்கு மேலும் கீழும் சவானா புல்வெளி. இன்னும் தள்ளிப் போனால் வடக்கே சகாரா, தெற்கே நமீப், கலஹாரி பாலைவனங்கள். கடைசி ஓரங்களில், அல்ஜீரியா, துனிசியா கடற்கரையிலும் கேப் டவுனிலும், குளிர்காலத்தில் மழை, இரண்டு இடத்திலும் திராட்சைத் தோட்டம். கண்ணாடியில் பார்ப்பதுபோல மேலும் கீழும் ஒன்று. நடுவில் சூடான காற்று மேலே ஏறி மழையாகக் கொட்டுகிறது. ஈரம் தீர்ந்த காற்று விலகிப் போய்க் கீழே இறங்கும் இடம் பாலைவனமாகிறது. இந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டால் காலநிலை மண்டலங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மடிப்பு எங்கெல்லாம் ஒத்துப்போகவில்லை என்றும் தேடச் சொல்லுங்கள். சோமாலியா நிலநடுக்கோட்டை ஒட்டியிருந்தும் வறண்டது என்று எவராவது கண்டுபிடித்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் ஹீரோ.

சிங்கம் அடர்ந்த காட்டில் இல்லை, புல்வெளியில் இருக்கிறது என்பதும் இந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். 'காட்டு ராஜா' என்ற பட்டத்தை என்ன செய்வது என்று வகுப்பே தீர்மானிக்கட்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். விலங்குகளுக்கென்று தனிப் பாடம் வைக்காதீர்கள். செட்சி ஈ என்று ஒரு ஈ இருக்கிறது, காலநிலை, விலங்குகள், வரலாறு மூன்றையும் அதுவே ஒன்றாகக் கட்டிவிடும். ரத்தம் குடிக்கிற ஈ. மனிதனுக்குத் தூக்க நோயையும் மாட்டுக்கும் குதிரைக்கும் நகானா என்ற நோயையும் பரப்புகிறது. காட்டு விலங்குகள் அதே கிருமியை உடம்பில் வைத்துக்கொண்டு பெரும்பாலும் சௌகரியமாகவே திரியும். ஈரமும் மர நிழலும் உள்ள இடத்தில் இந்த ஈ வாழும், சகாராவில் வாழாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: ஈ இருக்கும் ஊரில் வண்டி இழுப்பது எது, உழுவது எது? எதுவுமில்லை. சுமை மனிதர் தலையில்தான் போக வேண்டும். மந்தை மேய்ப்பவர்கள் அந்தப் பக்கம் ஒதுங்கவில்லை, அதனால் பல இடங்களில் காட்டு விலங்குகளுக்கு இடம் மிஞ்சியது. பிள்ளைகளுக்கு இன்னொரு தீனி வேண்டுமென்றால், குதிரைக்கு வரிபோட்ட துணியைப் போர்த்திப் பார்த்திருக்கிறார்கள். கடிக்கிற ஈக்கள் துணிமேல் குறைவாகவே வந்து உட்கார்ந்தன. வரிக்குதிரைக்கு வரி எதற்கு என்ற கேள்விக்கு இது ஒரு நல்ல விடை.

இங்கிருந்து வரலாற்றுக்குப் போவது சுலபம். கடையில் ஒரு பாக்கெட் கல் உப்பு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று பிள்ளைகள் வேண்டும். முதல் ஆள் ஒட்டகக்காரர், சகாராவின் தகாசா சுரங்கத்திலிருந்து உப்பை ஏற்றி வருகிறார். திம்புக்துவில் இரண்டாம் ஆள் அதைப் படகில் ஏற்றி நைஜர் ஆற்றில் கொண்டுபோகிறார். தெற்கே ஈயின் ஊருக்குள் நுழையும் இடத்தில் மூன்றாம் ஆள் தலையில் சுமக்கிறார். பதிலுக்குத் தங்கம் மேலே போகிறது. ஒட்டகக்காரரை அந்தக் கோட்டைத் தாண்ட விடாதீர்கள், ஏன் கூடாது என்று வகுப்பே கத்தும். தகாசாவில் உப்புக் கட்டிகளை அடுக்கி வீடு கட்டி, ஒட்டகத் தோலால் கூரை வேய்ந்திருந்ததை மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார். அதே மனிதர் அதற்குச் சில வருஷம் முன் நம் மதுரைக்கும் வந்து போனவர். அந்தத் தங்கத்தின் மேல் எழுந்ததுதான் மாலிப் பேரரசு. அதன் மன்னர் மன்சா மூசா 1324இல் மெக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் வாரி வழங்கியதில் அங்கே தங்கத்தின் விலையே இறங்கியது.

கிழக்குக் கரையை உங்கள் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை, வடகிழக்குப் பருவக்காற்றும் தென்மேற்குப் பருவக்காற்றும் டெல்டாவில் எல்லாருக்கும் தெரியும். வணிகர்கள் ஒன்றில் பாய் விரித்து ஆப்பிரிக்காவுக்குப் போய் மற்றதில் திரும்பினார்கள். கில்வா போன்ற துறைமுகங்கள் அப்படி வளர்ந்தவை. உள்நாட்டில், சாந்தே இல்லாமல் கல்லடுக்கி 11 மீட்டர் உயரம் எழுப்பிய கிரேட் ஜிம்பாப்வே மதிலுக்குள் இந்தியக் கண்ணாடி மணிகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. அதை ஆப்பிரிக்கர்கள் கட்டியிருக்க முடியாது என்று குடியேற்றக்காரர்கள் வெகுகாலம் சாதித்தார்கள். 1905லும் 1929லும் தோண்டிப் பார்த்த தொல்லியலாளர்கள் இருவரும் அது ஆப்பிரிக்கர் கட்டியதே என்றார்கள்.

அட்லாண்டிக் அடிமை வணிகத்தை மழுப்ப வேண்டாம். ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் கப்பலேற்றப்பட்டார்கள். எண்ணைச் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருங்கள், போதும். சங்கிலி நடிப்பெல்லாம் வகுப்பில் கூடவே கூடாது. பிறகு எல்லைகள். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருக்கும் கோடுகளைச் சிவப்பில் வரையச் சொல்லுங்கள், எகிப்து-சூடான் எல்லை ஒன்று போதும். ஐரோப்பிய நாடுகள் கண்டத்தைப் பங்குபோடுவதற்கு விதி வகுத்த பெர்லின் மாநாடு 1884-85இல் நடந்தது, ஆப்பிரிக்கப் பிரதிநிதி ஒருவர்கூட அங்கே இல்லை. 1960இல் மட்டும் 17 நாடுகள் விடுதலை பெற்றன. நேரமிருந்தால் அதற்குச் சரியாக நூறு வருஷம் முந்தைய 1860ஐயும் சொல்லுங்கள்: அந்த வருஷம் நவம்பரில்தான் சென்னையிலிருந்து கிளம்பிய முதல் கரும்புத் தோட்டக் கூலிகள் டர்பன் போய்ச் சேர்ந்தார்கள்.

ஒரு சொல் பற்றியும் எச்சரிக்கிறேன். நாம் 'சிறுத்தை' என்ற ஒரே பெயரை இரண்டு விலங்குக்கு வைத்துக் குழப்புகிறோம். உடம்பில் பூப்பூவாகத் திட்டு இருந்தால் அது சிறுத்தை. தனித்தனிப் புள்ளியும் கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கோடும் இருந்தால் சிவிங்கிப்புலி. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு வந்த எட்டும் சிவிங்கிப்புலிகள். ஒட்டகம் மாதிரிக் கழுத்தும் சிவிங்கி மாதிரிப் புள்ளியும் உள்ளதால்தான் அது ஒட்டகச்சிவிங்கி. அதன் அறிவியல் பெயரிலும் இதேபோல ஒட்டகமும் சிறுத்தையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதைச் சொன்ன நாளில் பிள்ளைகள் வீட்டில் போய் அப்பா அம்மாவைச் சோதிப்பார்கள்.

தலைநகரங்களை வகுப்பு நேரத்தில் நடத்தாதீர்கள். சார்ட்டில் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், தலைமையாசிரியர் கேட்கும்போது காட்டிக்கொள்ளலாம். எட்டாவது பீரியடில் முதல் நாள் படங்களைத் திருப்பிக் கொடுத்து, ஆளுக்கொரு சிவப்புப் பென்சிலும் கொடுங்கள். தாங்களே திருத்தட்டும், திருத்தத்துக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதட்டும். மதிப்பெண் காரணத்துக்கு மட்டும். புலியை அடித்துவிட்டுச் சும்மா சிங்கம் என்று எழுதினால் பாதி மதிப்பெண். பின்னால் இருக்கும் மரங்களையும் அழித்துப் புல் வரைந்திருந்தால் முழு மதிப்பெண் போடுங்கள்.