கூட்டத்தில் தலையாட்டுகிறார்கள், வயலில் யாரும் தொடங்கவில்லை

வணக்கம். மூன்று பயிற்சிக் கூட்டம் நடத்தியும் ஊர் உழவர்களில் ஒருவர்கூட மூடாக்கு (வைக்கோல், சருகு பரப்பி மண்ணை மூடுவது) போடவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். தளராதீர்கள். ஒரு போகம் தவறினால் கடன் விழுவது அவர்கள் தலையில்தான், தயங்கத்தான் செய்வார்கள். முழு வயலையும் கேட்காமல், விருப்பமுள்ள ஒருவரிடம் நாலு பாத்தி மட்டும் கேளுங்கள். இரண்டில் மூடாக்கு, இரண்டு வழக்கம்போல. தண்ணீர் பாய்ச்சி ஐந்தாறு நாள் கழித்து எல்லோரையும் அழைத்து, இரண்டிலும் ஒரு விரல் ஆழம் தோண்டி மண்ணைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். திறந்து கிடந்த மண் உதிரும். மூடாக்கின் அடியில் இருந்தது கையில் உருண்டையாக நிற்கும். ஊடுபயிராகப் பயறு இருந்தால், பூக்கும் சமயத்தில் வேர்முடிச்சை நகத்தால் கீறிக் காட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்கிறது என்று அர்த்தம். 1989-இல் இந்தோனேசியாவில் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகளும் இப்படி வயலில் நின்று பார்த்துப் பழகும் முறைதான். அடுத்த கூட்டத்தில் நீங்கள் பேச வேண்டாம், அந்தப் பாத்திக்காரரைப் பேசவிடுங்கள்.