எச்.ஐ.வி. உள்ளவருக்குத் தொழுநோய் வந்தால்: மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி: எச்.ஐ.வி. உள்ளவர்களைக் காசநோய் எளிதில் தாக்குகிறதே, தொழுநோயும் அப்படித்தானா?

பதில்: இரண்டு கிருமிகளும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால், எச்.ஐ.வி. பரவத் தொடங்கிய காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் அஞ்சினார்கள். ஆனால் அஞ்சியபடி தொழுநோய் பெருகவில்லை. சிடி4 அணுக்கள் (எச்.ஐ.வி. அழிக்கும் எதிர்ப்பாற்றல் அணுக்கள்) வெகுவாகக் குறைந்தவர்களின் தோல் திசுவிலும், கிருமியைச் சூழ்ந்து அடைக்கும் அணுத்திரள் குலையாமல் இருந்தது பலரை வியக்க வைத்தது.

கேள்வி: எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தொடங்கிய மூன்றாம் மாதம் கன்னத்தில் சிவந்த தடிப்பு எழுந்தது, தொழுநோய் என்கிறார்கள். மருந்துதான் காரணம் என்றால் நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது. தொழுநோய்க் கிருமி ஒரு முறை பிளவுபடவே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அறிகுறி தோன்றச் சராசரியாக 5 ஆண்டுகள், சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகலாம். எனவே கிருமி உங்கள் உடலில் முன்பே இருந்திருக்கும். மருந்தால் மீண்டெழுந்த எதிர்ப்பாற்றல் இப்போதுதான் அதைக் கண்டு போராடத் தொடங்கியிருக்கிறது. அந்தப் போராட்டமே தடிப்பாக வெளிப்படுகிறது, சில வேளைகளில் புண்ணாகவும் உடையும். இந்த அழற்சி நரம்பையும் தாக்கக்கூடும் என்பதால், தேவைப்பட்டால் அழற்சியைத் தணிக்கும் பிரெட்னிசோலோன் தருவார்கள். மணிக்கட்டு தளர்ந்தாலோ, இமை முழுதாக மூடாமல் போனாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு நோய்களுக்கும் ஒரே நேரத்தில் மருந்து உண்ணலாமா?

பதில்: உண்ணலாம். தொழுநோய்க்கான மருந்துகளும் கால அளவும் மற்றவர்களுக்கு உள்ளவையே: ரிஃபாம்பிசின், டாப்சோன், கிளோஃபாசிமின்; கிருமி குறைவான வகைக்கு 6 மாதம், மிகுந்த வகைக்கு 12 மாதம். சில எச்.ஐ.வி. மருந்துகளின் வீரியத்தை ரிஃபாம்பிசின் குறைக்கும். ஆனால் காசநோய்க்குத் தினமும் உண்பதுபோலன்றி இங்கே அது மாதம் ஒரு முறைதான் என்பதால் சிக்கல் குறைவு. நான் கூடுதலாகக் கவலைப்படுவது டாப்சோனைப் பற்றித்தான்: சிடோவுடின் என்னும் எச்.ஐ.வி. மருந்துடன் சேரும்போது இரத்தசோகை கடுமையாகலாம் என்பதால் ஹீமோகுளோபினை அவ்வப்போது பார்க்க வேண்டும்.

கேள்வி: பாதம் மரத்துப்போகிறது. எதனால் என்று எப்படி அறிவது?

பதில்: எச்.ஐ.வி.யாலும், அதற்கான சில பழைய மருந்துகளாலும் வரும் மரப்பு பெரும்பாலும் இரு பாதங்களிலும் ஒன்றுபோல் தொடங்கும். தொழுநோயிலோ ஒரு பக்கம் மட்டும் மரக்கலாம். கண்ணை மூடச் சொல்லித் தேமலைப் பஞ்சு நுனியால் தொடுவோம். தொழுநோய் என்றால், தொட்ட இடத்தை நோயாளியால் விரல் வைத்துக் காட்ட முடியாது. முழங்கையின் உட்புறம் தடவினால், நரம்பு கயிறுபோல் தடித்து விரலில் உருளும். சோதிக்க ஒரு நிமிடம் போதும். ஆனாலும் பலர் அதைச் செய்வதில்லை.

கேள்வி: வீட்டிலிருப்போருக்குத் தொற்றுமா?

பதில்: சிகிச்சை தொடங்கியதுமே தொற்றும் தன்மை விரைவாக நீங்கிவிடும். தனித்தட்டு, தனியறை எதுவும் வேண்டாம். ஆனால் அனைவரின் தோலையும் பரிசோதிக்க வேண்டும்.