பொதிக்கழுதையின் முதுகுப் புண் ஆறாதது ஏன்?

கேள்வி: போடி பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து காப்பி, மிளகு மூட்டைகளை அடிவாரத்துக்கு இறக்க நான்கு கழுதைகள் வைத்திருக்கிறேன். ஒரு பெட்டைக்கு முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டேன். ஆறுவதுபோல் வந்து மறுபடியும் கிளம்பிவிடுகிறது. நேற்றிலிருந்து தீனியும் சரியாக எடுக்கவில்லை. 75 கிலோ வரை ஏற்றுவது வழக்கம். என்ன செய்யலாம்?

பதில்: புண்ணைவிடத் தீனி எடுக்காததுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. மாடு ஒரு நாள் தீனியைக் குறைத்தால் பொறுத்துப் பார்ப்போம். கழுதையிடம் அது கூடாது. வயிறு காய்ந்தால் அதன் உடம்பு சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடும். அது அளவு மீறினால் ஈரல் கெட்டு, சில நாட்களிலேயே உயிர் போய்விடும். சினையாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கழுதை வலியை வெளியே காட்டாது. காதைத் தொங்கவிட்டுத் தனியே ஒதுங்கி நின்றாலே நோய் முற்றியிருக்கலாம். அதனால் இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். 1962-க்குப் பேசினால் நடமாடும் மருத்துவ வண்டி வரும்; பாதை இல்லாத ஊர் என்றால் வண்டி எந்த இடம் வரை வரும் என்று கேட்டு, சுமையில்லாமல் மெல்ல நடத்திக் கூட்டிப்போங்கள். அதுவரை பச்சைப்புல்லும் வெல்லம் கலந்த தவிடும் முன்னால் வையுங்கள். வாயைப் பிளந்து கஞ்சி ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும். பல் கூராகிக் கன்னத்தைக் குத்துகிறதா என்றும் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டெட்டனஸ் ஊசியும் கேளுங்கள். குதிரை, கழுதை இனத்துக்கு அந்த நோய் மிகச் சுலபமாக வரும். கால்கள் விறைத்து, வாய் திறக்க முடியாமல், கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு சவ்வு ஏறி விழியை மூடினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

சரி, இனி புண். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, தலைதட்டிய இரண்டு டீஸ்பூன் தூள் உப்பு கரைத்து, அதை ஊற்றித் தினமும் கழுவுங்கள். பழைய என்ஜின் ஆயில், சாம்பல், பேட்டரி ஆசிட் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதையும் தொடாதீர்கள், புதிதாக முளைக்கும் சதையை அவை எரித்துவிடும். புழு வைத்திருந்தால் மருத்துவரே எடுக்கட்டும்.

ஆனால் எந்த மருந்து போட்டாலும், அதே இடத்தில் அதே பொதி அழுத்தினால் புண் ஆறவே ஆறாது. உங்கள் புண் திரும்பத் திரும்பக் கிளம்புவதற்கு அதுதான் காரணம். தோல் முழுதாக மூடி முடி முளைக்கும்வரை இந்தப் பெட்டையின் மேல் ஒரு கிலோகூட ஏற்றாதீர்கள். வருமானம் குறையும், தெரியும். ஆறாத முதுகில் ஏற்றினால் இழப்பு அதைவிடப் பெரிது.

மற்ற மூன்றுக்கும் சுமையைக் குறையுங்கள். 1965-ஆம் ஆண்டின் பொதிவிலங்கு வதைத் தடுப்பு விதிகளின்படி கழுதைக்கு 50 கிலோதான் உச்சம். நீங்கள் ஏற்றுவது அதைவிட 25 கிலோ கூடுதல். அப்புறம், சாக்கை நாலாக மடித்து முதுகில் போடும் பழக்கத்தை விடுங்கள். வைக்கோலை இறுக்கித் திணித்து இரண்டு நீளத் துணி உருளைகள் தைத்து, முதுகுத்தண்டின் இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக, நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். பொதி ஏற்றிய பிறகு அந்த இடைவெளிக்குள் கையை விட்டுப் பாருங்கள். தண்டின் மேல் எதுவும் பட்டுக்கொண்டிருக்கக் கூடாது. இருபக்க எடையும் சமமாக இருக்கட்டும். வியர்வையில் நனைந்த துணியை மறுநாள் அப்படியே போடாமல் துவைத்து வெயிலில் காயவையுங்கள்.

மூன்றின் முதுகிலும் வெள்ளை முடித் திட்டு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். முன்பு அழுந்திப் புண்ணாகி ஆறிய இடத்தில் பெரும்பாலும் வெள்ளை முடிதான் முளைக்கும். உருளை எந்த இடத்தில் தடிக்க வேண்டும், எங்கே விலக வேண்டும் என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம்.