வழிகாட்டியுடன் ஃப்ளை ஃபிஷிங்: கட்டிய முன்பணம் எப்போது திரும்பும்?

கேள்வி: நானும் என் தம்பியும் வழிகாட்டியுடன் ஒரு நாள் ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி போலச் செய்த தூண்டிலால் மீன்பிடிப்பது) போவதற்காக, ஒரு முன்பதிவு இணையதளம் வழியாக ஆற்றுப் படகுப் பயணம் ஒன்றைப் பதிவு செய்தோம். பயணம் நடுக்கோடையில். கட்டணத்தில் பாதியை முன்பணமாகக் கட்டிவிட்டேன். இப்போது தம்பியால் வர முடியாது போலிருக்கிறது. அவர் வராவிட்டால் கட்டணம் பாதியாகுமா? மழை பெய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா? முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று இணையதளத்தில் எழுதியிருக்கிறது. வழிகாட்டியோ தொலைபேசியில், "கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: உங்கள் தம்பி வராவிட்டால் கட்டணம் பாதியாகாது. ஆற்றுப் படகில் செல்லும் பயணங்களுக்கு விலை படகுக்குத்தான் பேசப்படுகிறது; அதில் ஒருவர் ஏறினாலும் இருவர் ஏறினாலும் பெரும்பாலும் அதே தொகைதான். வாடகைக் காரில் ஓர் ஆள் குறைந்தால் வாடகை குறையாதது போலத்தான் இதுவும். இந்தப் படகில் வழிகாட்டி நடுவில் உட்கார்ந்து துடுப்பு வலிப்பார். மீன்பிடிப்பவர் ஒருவர் முன்பக்கமும் மற்றவர் பின்பக்கமும் இருப்பார்கள். அதற்கு மேல் இடமில்லை என்பதால், நீங்கள் பதிவு செய்த கணமே அந்த நாளும் அந்தப் படகும் உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. ஓர் ஆள் குறைவதால் வழிகாட்டியின் உழைப்பு குறைவதில்லை. படகு புறப்பட்ட துறையிலிருந்து வண்டியை ஓட்டிச்சென்று, நீங்கள் கரையேறும் துறையில் கொண்டுபோய் நிறுத்துகிறவருக்குக் கொடுக்கும் கூலியும் குறைவதில்லை. அரைநாள் பயணத்தின் கட்டணம் முழுநாள் கட்டணத்தில் பாதியாக இல்லாமல் அதைவிட வெகுவாகக் கூடுதலாக இருப்பதற்கும் இதுவே காரணம்: காலையில் 4 மணி நேரம் உங்களோடு இருந்துவிட்ட வழிகாட்டியால், மிச்சமிருக்கும் பொழுதை வேறொருவருக்கு எளிதில் விற்க முடியாது.

ஆனால் தம்பியின் இடத்தில் வேறொருவரை அழைத்துச் செல்ல உங்களுக்குப் பெரும்பாலும் தடை இருக்காது. அவர் தூண்டில் கோலைத் தொட்டே பார்த்திராதவராக இருந்தாலும் பரவாயில்லை. கற்றுக்கொடுப்பதும் வழிகாட்டியின் வேலையில் சேர்ந்ததுதான். அவருடைய பெயரையும், நீர்புகாக் கால்சட்டைக்கும் காலணிக்கும் வேண்டிய அளவுகளையும் சில நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால், படகை விட்டுவிட்டு ஆற்றில் இறங்கி நடந்து பிடிக்கும் பயணமாக மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். அத்தகைய பயணங்களில் தனி ஒருவருக்கென்று குறைந்த கட்டணம் வைத்திருப்பவர்கள் உண்டு.

இனி மழை. மழை பெய்கிறது என்பதற்காக ஃப்ளை ஃபிஷிங் பயணம் ரத்தாவதில்லை; நீங்களாக வர மறுத்தால் முழுக் கட்டணமும் போய்விடும். நல்ல வழிகாட்டிகளில் பலர் மேகமூட்டமும் மெல்லிய தூறலும் உள்ள நாளையே விரும்புவார்கள். மேஃப்ளை என்னும் நீர்ப்பூச்சிகளில் சில வகைகள் அத்தகைய நாள்களில்தான் பெருமளவில் நீர்ப்பரப்புக்கு வந்து சிறகு விரிக்கும். அவற்றைத் தின்ன மீன்களும் மேலே வரும். மின்னல் வேறு விஷயம். தூண்டில் கோல்கள் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனவை, மின்சாரத்தைக் கடத்துபவை. இடி கேட்டதும் வழிகாட்டி படகைக் கரைக்குத் திருப்பியே ஆக வேண்டும். ஒரு மணி நேரம் ஒதுங்கி நின்றதற்காகப் பணம் கேட்பது நியாயமாகாது. பயணமே தொடங்க முடியாமல் போனால் வேறொரு நாள் தருவார்கள் அல்லது பணத்தைத் திருப்புவார்கள். இரண்டில் எது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்று நிபந்தனைகளில் தேடிப் பாருங்கள். "வானிலை காரணமாக ரத்தானால் மாற்றுத் தேதி வழங்கப்படும்" என்று மட்டும் எழுதியிருந்தால், மறுநாளே ஊர் திரும்ப வேண்டிய வெளியூர்க்காரருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. அதை எழுதியவர்களுக்கும் இது தெரியும். இருந்தும் ஆண்டுக்கணக்காக அதே வாசகத்தையே வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் நடுக்கோடையில் போகும் உங்களை மழையைவிட அதிகம் பாதிக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. அது நீரின் வெப்பம். இத்தகைய பயணங்களில் பெரும்பாலும் பிடிக்கப்படும் ட்ரவுட், குளிர்ந்த நீரில் வாழும் மீன். நீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். அந்த நிலையில் தூண்டிலில் மாட்டிப் போராடிய மீனை நாம் எவ்வளவு பதமாகத் திரும்ப விட்டாலும் அது பிழைக்காமல் போகலாம். ஆகவே நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் நிறுத்திக்கொள்ளும் வழிகாட்டிகள் பலர் இருக்கிறார்கள். கயிற்றில் கட்டிய சிறு வெப்பமானியை நிழலான ஓட்டத்தில் ஓரிரு நிமிடம் மூழ்கவைத்து எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு இத்துடன் போதும்" என்று சொல்கிறவரை நீங்கள் மதிக்க வேண்டும். பல இடங்களில் இது வழிகாட்டியின் விருப்பத்துக்கு மட்டும் விடப்பட்டதும் அல்ல. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஓர் ஆற்றின் வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸைத் தொட்டால், அந்த ஆற்றில் பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை விதிக்கும் நடைமுறை இருக்கிறது.

அப்படி ஒரு தடை வந்தால் உங்கள் கட்டணம் என்னவாகும் என்று சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். முழுநாள் பயணம் என்பது பெரும்பாலும் 8 மணி நேரம். காலை 8 மணிக்குப் புறப்படுவதாக இருந்த பயணம் 2 மணிக்கு நின்றுபோனால், நீங்கள் முழுநாளுக்குப் பணம் கொடுத்து 6 மணி நேரம் மட்டும் மீன்பிடித்திருப்பீர்கள். பொறுப்பான வழிகாட்டி புறப்படும் நேரத்தை விடியற்காலை 5.30க்கு நகர்த்தி, 8 மணி நேரத்தையும் உங்களுக்குக் கொடுத்துவிடுவார். அப்போது நீங்கள் கட்டணத்தைக் குறைக்கக் கேட்க முடியாது, இருட்டில் எழுந்திருக்க மறுக்கவும் முடியாது. அல்லது அணைக்குக் கீழே குளிர்ந்த நீர் ஓடும் வேறோர் ஆற்றுக்கு அழைத்துச் செல்வார். நீர்நிலையை மாற்றும் உரிமை வழிகாட்டிக்கு உண்டு என்ற நிபந்தனையைப் பார்த்துப் பலர் மிரளுகிறார்கள். அது உங்களுக்குச் சாதகமான நிபந்தனை. மேல்பகுதியில் பெய்த கனமழையால் ஆறு கலங்கிச் சேறாக ஓடும்போது உங்கள் நாளைக் காப்பாற்றப்போவதும் அதுதான். நேரத்தை முன்னே நகர்த்தாமல், ஆற்றையும் மாற்றாமல், 2 மணிக்குக் கரையேற்றிவிட்டு முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொள்கிறவரிடம்தான் தகராறு வரும். அந்தத் தகராறில் ஜெயிக்க, தடை வந்தால் என்ன செய்வார் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பணம் இப்போது யார் கையில் இருக்கிறதோ, அவருடைய நிபந்தனைதான் உங்களைக் கட்டுப்படுத்தும். வழிகாட்டி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் தன் கைக்கு இன்னும் வராத பணத்தை அவரால் திருப்பித் தர முடியாது. முன்பதிவுத் தளங்களில் பல, நீங்கள் கட்டும் முன்பணத்திலிருந்தே தங்கள் தரகை எடுத்துக்கொள்கின்றன. சில, பயணம் முடியும்வரை மீதியையும் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன. வழிகாட்டி தன் சொந்தப் பக்கத்தில் "30 நாளுக்கு முன் ரத்து செய்தால் முன்பணம் திரும்பும்" என்று எழுதியிருப்பார். அதே பயணத்தை விற்கும் தளம் "எக்காரணம் கொண்டும் திரும்பாது" என்று எழுதியிருக்கும். தளத்தில் பதிவு செய்தவருக்குத் தளத்தின் விதிதான். ஒரே படகு, ஒரே நாள், ஒரே துடுப்பு. ஆனால் யார் வழியாக வந்தீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் உரிமை மாறுகிறது. இதை ஒழுங்குபடுத்த யாரும் முன்வருவதில்லை என்பது எனக்குப் பெரும் ஆதங்கம். மொன்டானாவில் மீன்பிடி வழிகாட்டி ஒருவர், உரிமம் பெற்ற பயண நிறுவனம் ஒன்றின் கீழ்தான் வேலை செய்ய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உரிமத்தைப் பார்க்க இத்தனை ஏற்பாடு செய்கிறவர்கள், பயணியிடம் வாங்கும் முன்பணத்துக்கு ஒரே மாதிரியான ஒரு பக்க ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கினால் என்ன?

தளங்களிலும் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. வழிகாட்டியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அவர் பெயரைச் சொல்லியே விற்பவை பரவாயில்லை. "அனுபவமிக்க உள்ளூர் வழிகாட்டி" என்று பெயரில்லாமல் விற்று, உங்கள் பணம் வந்த பிறகு குறைந்த கூலிக்கு யார் கிடைப்பார் என்று தேடும் தரகர்களிடம்தான் பலர் ஏமாறுகிறார்கள். பளபளப்பான படங்களில் ஒருவர், அதிகாலையில் துறையில் வந்து நிற்பவர் வேறொருவர். படகு பழையது, தூண்டில் நரம்பில் முறுக்கு, கால்சட்டையில் ஓட்டை. கேட்டால், "பயணம் நடந்துவிட்டதே" என்பார்கள். பெயரும் உரிம எண்ணும் தராதவரிடம் முன்பணம் கட்டவே கூடாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது. உங்கள் விஷயத்தில் வழிகாட்டியோடு நீங்களே பேசியிருப்பதால் அந்த ஆபத்து குறைவு. ஆனாலும் ரசீதிலும் அட்டைக் கணக்கிலும் பணம் யார் பெயரில் போயிருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

கட்டணத்தில் எது அடங்கும், எது அடங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோல், உருளை, நரம்பு, செயற்கைப் பூச்சிகள் ஆகியவை பெரும்பாலும் அடங்கும். மரக்கிளையில் சிக்கித் தொலையும் பூச்சிகளுக்குத் தனிக் கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். மீன்பிடி உரிமம் அநேகமாக அடங்காது, அதை நீங்கள்தான் வாங்க வேண்டும். எந்த நீரில் எந்த உரிமம் செல்லும் என்பதையும் வழிகாட்டியிடமே கேளுங்கள்: யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் மாநில உரிமங்கள் செல்லாது, பூங்காவின் தனி அனுமதி வேண்டும். வட அமெரிக்காவில் என்றால், கட்டணத்தில் 15 முதல் 20 விழுக்காடு வரை வழிகாட்டிக்கு டிப்ஸ் கொடுப்பது வழக்கம். விலைப்பட்டியலில் அது இருக்காது.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். தளத்துக்கும் வழிகாட்டிக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். வழிகாட்டி தொலைபேசியில் சொன்னதைத் தேதியோடு அதில் எழுதுங்கள். பிறகு இவற்றைக் கேளுங்கள்: தம்பிக்குப் பதில் வேறொருவர் வரலாமா; எந்தத் தேதிக்குள் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், அதைத் தரப்போவது யார்; வெப்பத் தடையாலோ வெள்ளத்தாலோ பயணம் நடக்காவிட்டால் பணமா, மாற்றுத் தேதியா, அதை முடிவு செய்வது நானா நீங்களா? நேரான பதில் தராமல் "எங்கள் நிபந்தனைகளைப் பார்க்கவும்" என்று ஓர் இணைப்பை மட்டும் அனுப்பினால், அதே கேள்விகளை மீண்டும் அனுப்புங்கள். கூச்சப்பட வேண்டாம், இது உங்கள் பணம்.

அட்டை வழங்கிய வங்கியிடம் முறையிட்டுப் பணத்தை மீட்கலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். தருவதாகச் சொன்ன பயணத்தை அவர்கள் தரவில்லை என்றால் அது பலிக்கும். படகு காத்திருந்து நீங்கள் போகாவிட்டால் பலிக்காது. பயணக் காப்பீடும் அப்படித்தான்: நோய், விபத்து போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கே பணம் தருவார்கள். தம்பிக்கு வேலையிடத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை என்பது சாதாரணக் காப்பீடுகளில் அநேகமாக அடங்காது.

மீதித் தொகையைக் கட்ட வேண்டிய கடைசித் தேதி உங்கள் ரசீதில் இருக்கும். ஒரு நாள் பயணங்களுக்கு அது பயணத்துக்கு இரண்டு வாரமோ ஒரு மாதமோ முன்னதாக வருவதும் உண்டு. ரத்து செய்வதற்கான கடைசித் தேதியையும் நிபந்தனைகளில் தேடிப் பாருங்கள். தம்பியிடம் அந்தத் தேதியைச் சொல்லி, அதற்கு ஒரு வாரம் முன்பாக முடிவைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.